மேய்க்கால்

மேய்க்கால் என்பது ஊர்க் கால்நடைகள் மேய்வதற்கெனப் பொதுவில் விடப்பட்ட நிலம். தமிழ்நாட்டில் இச்சொல் இன்று பேச்சில் அருகிவிட்டது. கிராமக் கணக்கிலும் வழக்கு மன்றங்களிலும் 'மேய்க்கால் புறம்போக்கு' என்ற தொடராகவே பெரிதும் காணப்படுகிறது. மேய்ச்சல் நிலம், மந்தைவெளி ஆகியவை இதற்கு நெருங்கிய சொற்கள். ஈழத்தில் மேய்ச்சல்தரை என்பது வழக்கு.

சொல்: 'மேய்' என்னும் வினை தென்மொழிகளுக்குப் பொதுவானது. மலையாளத்தில் மேச்சில், கன்னடத்தில் மேவு, தெலுங்கில் மேத என அதன் கிளைகள் வழங்குகின்றன. 'கால்' என்ற ஈறு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமைச் சொற்களில் கால் ஒன்று என்பதால், மேயும் இடம் என்றே பொருள் கொள்ளலாம். வாய்க்கால் என்பதோடு ஒப்பிட்டு, மாடுகள் போய்வரும் வழி என்று கொள்ளவும் இடமிருக்கிறது. ககரம் இரட்டிப்பதும் கவனிக்கத்தக்கது. வினைத்தொகையானால் 'மேய்கால்' என்றே நின்றிருக்கும். தொல்காப்பியம் முல்லை நிலத்தைச் சொல்லுமிடத்தில் வரும் 'மேய' என்ற சொல்லுக்கு இதனோடு தொடர்பில்லை. அது மேவிய, அதாவது விரும்பி உறைந்த என்ற பொருளது. கூரைக்குப் புல் வேய்வதையும் மேய்தல் என்பது உண்டு. ஆடு மேய்ந்த புல்லும் வீடு மேய்ந்த புல்லும் ஒரே சொல்லில் வந்து சேர்வது தற்செயலாகவே இருக்கலாம்.

பழங்காலம்: சங்கப் பாடல்கள் முல்லை நிலத்து மேய்ச்சற் காட்டைப் புறவு என்கின்றன. மேயும் நிலத்தைவிட மேயும் ஆநிரையே அக்காலச் சான்றுகளில் முன் நிற்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்பிராமி நடுகல்லில், ஆநிரை கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்ற சொல் உள்ளது. பிற்கால நடுகற்கள் நிரையைத் 'தொறு' என்கின்றன.

சோழர் காலம்: மேய்ச்சலைப் பற்றிய செய்திகள் மிகுதியாகக் கிடைப்பது இக்காலத்தில்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் அளித்த ஊர்களைக் கூறும் கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, அதிலிருந்து இறை நீங்கிய நிலங்களைக் கழிக்கின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு சில ஊர்களில் 'கன்றுமேய்பாழ்' என்று ஒன்றும் கழிக்கப்படுகிறது. வேலி என்ற நில அளவின் மிக நுண்ணிய பின்னம்வரை அளந்த ஆட்சி, கன்றுகள் மேயும் துண்டு நிலத்தையும் அளந்து, வரியில்லை என்று எழுதி வைத்தது. கன்றுக்கென்று தனி நிலம் ஏன் என்பதற்குக் கல்வெட்டு காரணம் கூறவில்லை. தாயோடு போனால் பாலைக் குடித்துவிடும் என்பதால் ஊரருகிலேயே கன்றுகளைத் தனியே மேய்த்திருக்கலாம் என்பது மாடு வைத்திருப்பவர் எவருக்கும் தோன்றும் விளக்கம். 'பாழ்' என்றால் கெட்ட நிலம் என்றாகாது. உழாத நிலம் என்பதே பொருள்.

அதே கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சோழர் கால விளக்குக் கொடைகளில் இத்தகைய ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்படும். ஆடு சாகும், மூப்படையும்; எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. கணக்கெழுதியவரின் சொல்லாயினும் இதில் ஓர் அழகு இருக்கிறது. இக்கொடைகள் விலங்குகளை எண்ணுகின்றன, பொறுப்பேற்ற இடையரின் பெயரைச் சொல்கின்றன. அவை எங்கே மேய்ந்தன என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

விசயநகர, நாயக்கர் காலங்களிலும் ஊர்ப்பொது மேய்ச்சல் தொடர்ந்தது.

ஆங்கிலேயர் காலம்: 19ஆம் நூற்றாண்டின் நிலவரித் திட்டங்களில், தீர்வைக் கணக்குக்குப் புறம்பான நிலம் 'புறம்போக்கு' ஆயிற்று. மேய்க்கால், மந்தைவெளி, களம், மயானம், வண்டிப்பாட்டை ஆகியன அதன் வகைகள். பிறர் வெள்ளாமையில் இறங்கிய மாட்டைப் பிடித்து அடைக்க 1871இன் சட்டம் வழிசெய்தது. 'பவுண்டில் அடைப்பது' என்ற வழக்கு இத்தகைய அடைப்பைக் குறிக்கும். 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காட்டு மேய்ச்சல் அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது.

வட்டார வழக்குகள்: மதுரைப் பக்கத்தில் மந்தை என்பது ஊர் கூடும் திடல், அங்கே மந்தையம்மன் இருப்பாள். மன்று என்ற பழஞ்சொல்லும் மாட்டுத்தொழு, அவை என இரு பொருள் தருவதால், மந்தை அதன் திரிபு என்பாரும் உளர். சென்னையின் மந்தைவெளி மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த இடம் என்பது செவிவழிச் செய்தி. கொங்கு நாட்டின் கொறங்காடு பொது நிலமன்று; தனியார் பட்டா நிலம். காங்கயம் வட்டாரத்தில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, மாடுகளை உள்ளே விட்டுவிடுவர். உயிர்வேலி சுற்றி அடைத்திருப்பதால் மேய்ப்பவர் உடனிருக்க வேண்டியதில்லை. காங்கயம் காளைகளின் உறுதிக்கு இந்தப் புல்லே காரணம் என்பது அவ்வூரார் துணிபு.

அண்மைக்காலம்: 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலப் பயன்பாட்டை முறைப்படுத்தும் பொறுப்பில் ஊராட்சிகளுக்கு இடமளித்தது. பல மேய்க்கால்கள் கட்டடங்களாயின. பலவற்றைச் சீமைக்கருவேலம் மூடியது. ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற உச்ச நீதிமன்றம் 2011இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. காட்டு மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடை விதித்து, சில நாள்களில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா அளவில் சுருக்கியது. இலங்கையில், மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளை மீட்கக் கோரிப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் போராட்டம் தொடங்கினர்.