சான் டியாகோ கடற்படைத் தளத்தில் வாகன நிறுத்தப் பற்றாக்குறை

சான் டியாகோ கடற்படைத் தளம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளது. அந்நாட்டுப் பசிபிக் கப்பற்படையின் மேற்பரப்புப் போர்க்கப்பல்கள் நிலைகொள்ளும் முதன்மைத் துறைமுகம் இதுவே. நகரின் 32ஆம் தெரு வந்து முடியும் இடத்தில் அமைந்திருப்பதால் மாலுமிகளின் பேச்சில் இது ‘32ஆம் தெரு’ என்றே வழங்குகிறது. கப்பல்களைக் கட்டி நிறுத்துவதற்காகக் கரையிலிருந்து நீருக்குள் நீளும் 13 துறைமேடைகளும் ஏறத்தாழ 977 ஏக்கர் நிலமும் கொண்ட இத்தளத்தை 50க்கும் மேற்பட்ட கப்பல்கள் தாய்த்துறையாகக் கொண்டிருக்கின்றன. சீருடைப் படையினர் 24,000 பேருக்கு மேலும் குடிமைப் பணியாளர் 10,000 பேருக்கு மேலும் இங்கு வேலை செய்கின்றனர். இவர்கள் சொந்த வண்டியில் வந்து இறங்கினால் அதை நிறுத்த இடம் போதாது என்பது இத்தளத்தின் நெடுங்காலக் குறை. நிலம் சிறியது என்பதால் மட்டும் இந்தக் குறை உண்டாகவில்லை. கப்பல்கள் வந்து போகும் முறை, பதவி வரிசைப்படி இடம் ஒதுக்கும் வழக்கம், பாதுகாப்பு விதிகள், நகரத்து வீட்டு வாடகை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி அதை வளர்த்துள்ளன. இவற்றின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை என்பதும், சம்பளத்திலும் பதவியிலும் கடைசிப் படியில் நிற்கும் இளம் மாலுமியே அதில் பெரும்பங்கைச் சுமக்கிறார் என்பதும் இப்பொருளைப் பற்றி முதலில் அறிய வேண்டிய செய்திகள்.

நிலமும் எல்லையும்

இத்தளம் 1922இல் நாசகாரிக் கப்பல்களுக்கான தளமாகத் தொடங்கப்பட்டது. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றுப் பரப்பாகக் கிடந்த நிலத்தைத் தூர்த்து மேடாக்கியே இதன் பெரும்பகுதி உருவாயிற்று. படைவீரர் ஒவ்வொருவரும் கார் வைத்திருப்பார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இடமில்லை. கப்பலில் வந்தவர் கப்பலிலேயே தங்கினார், ஊருக்குள் போக டிராம் இருந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தளம் பழுதுபார்க்கும் பெருநிலையமாக வளர்ந்தபோது, பட்டறைகளும் கிடங்குகளும் கரையோர நிலத்தை நிறைத்துவிட்டன. இன்று மேற்கே விரிகுடா, வடக்கே சோயாஸ் ஓடையைத் தாண்டினால் தனியார் கப்பல் கட்டும் தளம், கிழக்கே குடியிருப்புகளும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையும், தெற்கே நேஷனல் சிட்டி என்னும் தனி நகராட்சி என நான்கு பக்கமும் எல்லை இறுகிவிட்டதால், தளம் அகலப்படுவதற்கு வழியே இல்லை.

உள்ளே இருக்கும் நிலமும் ஒரே துண்டாக இல்லை. துறைமுகச் சாலையும் அதை ஒட்டிய டிராம், சரக்கு ரயில் பாதைகளும் தளத்தை இரண்டாகப் பிளக்கின்றன. துறைமேடைகள் உள்ள விரிகுடாப் பக்கம் ‘ஈரப் பக்கம்’ என்றும், கடைகளும் அலுவலகங்களும் விடுதிகளும் உள்ள கிழக்குப் பக்கம் ‘உலர் பக்கம்’ என்றும் சொல்லப்படுகின்றன. வேலை நெருக்கம் மிகுந்தது ஈரப் பக்கம். ஆகவே உலர் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தாலும், தென்கோடித் துறைமேடையில் நிற்கும் கப்பலுக்குப் போக வேண்டியவருக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. கரையோரம் மட்டுமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது.

ஒரு காருக்கு, அது உள்ளே வந்து திரும்பி வெளியேறும் பாதையையும் சேர்த்து, ஏறத்தாழ 325 சதுர அடி தேவைப்படும். அந்தக் கணக்கில் ஓர் ஏக்கரில் 130 கார்களுக்குச் சற்றுக் கூடுதலாக நிறுத்தலாம். எல்லாரும் ஒரே வேளையில் வருவதில்லை என்று கொண்டு, எடுத்துக்காட்டுக்காக 20,000 கார்கள் மட்டும் வருவதாக வைத்தாலும் 150 ஏக்கர் வேண்டும். அதாவது ஒரு போர்க்கப்பல் தளம் தன் நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை, வேறெதற்கும் பயன்படாத வெறும் தார்ப்பரப்பாக விட்டுவைக்க வேண்டியிருக்கும். பல்லடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டினால் நிலம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் தூர்க்கப்பட்ட மண்ணில், நிலநடுக்க ஆபத்துள்ள பகுதியில், ஆழமான அடித்தளம் இட்டுக் கட்டும் செலவு தரைமட்ட நிறுத்துமிடத்தைவிடப் பல மடங்கு. அப்படிப்பட்ட பெருங்கட்டுமானத்துக்கான பணத்தை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். அந்த வரிசையில் சிதைந்த துறைமேடையும் பழைய விடுதிக் கட்டடமும் காத்திருக்கும்போது, கார் நிறுத்தும் கட்டடம் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படும். தார்ப்பரப்பைக் கூட்டுவதிலும் ஒரு கேடு உண்டு. சோயாஸ் ஓடை நீரில் செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவை மிகுந்துவிட்டதால் 2007இல் அவற்றுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வண்டிகளின் பிரேக் தேய்மானத்தில் உதிரும் செம்புத் தூள் சாலைகளிலும் நிறுத்துமிடங்களிலும் படிந்து மழையில் கழுவப்படுவது அதற்கு ஒரு காரணம்.

கப்பல்களின் வரவும் வண்டிகளின் பெருக்கமும்

சாதாரண அலுவலக வளாகத்தில் இன்றைக்கு எத்தனை கார் வந்ததோ, கிட்டத்தட்ட அத்தனையே நாளைக்கும் வரும். கடற்படைத் தளத்தில் அப்படியில்லை. நாசகாரிக் கப்பல் ஒன்றில் 300 பேருக்கு மேலும், நீர்நிலப் போர்க்கப்பல்களில் பெரியது ஒன்றில் சுமார் 1,000 பேரும் பணிபுரிகின்றனர். ஆகவே நான்கைந்து கப்பல்கள் ஒரே வாரத்தில் கடலிலிருந்து திரும்பினால், புதிதாக ஒரு கட்டடம்கூட எழாமலே ஆயிரக்கணக்கான வண்டிகள் தளத்துக்குள் வந்துவிடும். கப்பல்கள் வெளியே இருக்கும் மாதங்களில் எடுக்கும் கணக்கு இடம் போதுமென்று காட்டும். அவை கூடியிருக்கும் மாதங்களில் எடுக்கும் கணக்கு வேறுவிதமாகச் சொல்லும். சராசரியை வைத்துத் திட்டமிட்டால், மிகவும் தேவைப்படும் நாளில் இடம் இருக்காது.

கப்பல் துறையில் நிற்கும்போதும் அதைத் தீ, வெள்ளம், ஊடுருவல் ஆகியவற்றிலிருந்து காக்க ஆள் வேண்டும் என்பதால், பணியாளர்கள் ‘கடமைப் பிரிவு’ என்னும் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து ஒவ்வொரு குழுவும் 24 மணி நேரம் கப்பலிலேயே தங்குகிறது. 300 பேர் ஆறு பிரிவுகளாக இருந்தால் ஒவ்வோர் இரவும் 50 பேர் வீடு திரும்புவதில்லை. அவர்களுடைய வண்டிகளும் இடம்விட்டு நகர்வதில்லை. மறுநாள் காலை மற்ற 250 பேரும் வந்து சேரும்போது அந்த 50 வண்டிகள் அங்கேயே நிற்கும். வீடு வாடகைக்கு எடுக்க வசதியின்றிக் கப்பலிலேயே வாழும் இளம் மாலுமிகளின் வண்டிகள் இதற்கு மேல். கப்பல் ஆறேழு மாதப் பயணம் புறப்படும்போது, ஊரில் குடும்பம் இல்லாதவர் தம் காரை எங்கே விட்டுச் செல்வது என்பது தனிச் சிக்கல். அதற்கென நெடுநாள் நிறுத்துமிடம் ஒதுக்கினால், நாள்தோறும் வருவோருக்கான இடம் அந்த அளவுக்குக் குறையும். பழுதுபார்ப்புக்காகக் கப்பல் துறையில் கிடக்கும் மாதங்களில் ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டமாக வருகின்றனர். வெல்டிங் கருவிகளையும் குழாய்களையும் ஏற்றிவரும் அவர்களுடைய லாரிகள் துறைமேடையை ஒட்டியே நின்றாக வேண்டும்.

இதன் விளைவு ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன்பே தெரியத் தொடங்குகிறது. ஏழு மணியளவில் நடக்கும் வருகைக் கணக்கெடுப்புக்கு ஐந்து மணிக்கே வாசலைக் கடந்துவிடும் மாலுமி, துறைமேடைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பிடித்து, இருக்கையைச் சாய்த்துக் காருக்குள்ளேயே மீதித் தூக்கத்தைத் தூங்குகிறார். ஆறரைக்கு வருபவர் வரிசை வரிசையாகச் சுற்றிவிட்டு, தூரத்து மூலையில் வண்டியை விட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு விரைகிறார். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்கவில்லை என்பதை எவரும் காரணமாக ஏற்பதில்லை. சான் டியாகோவின் வாடகை தாங்காமல் டெமெகுலா, முர்ரியெட்டா போன்ற ஊர்களில் குடியிருப்போர் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டி வருகின்றனர். அவர்கள் வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்தை இரவு என்றே சொல்ல வேண்டும். தூக்கம் குறைந்த ஒருவர் அதே நாளில் கனரக எந்திரத்தை இயக்கவும் காவலில் நிற்கவும் வேண்டியிருப்பதால், இது வெறும் வசதிக் குறைவாக நின்றுவிடுவதில்லை. பணிப் பாதுகாப்பையும் தொடுகிறது.

பதவியும் இடமும்

துறைமேடையின் தலைமாட்டில் உள்ள சிறந்த இடங்களில் பெயர்ப்பலகைகள் நடப்பட்டிருக்கும். கப்பலின் கட்டளை அதிகாரிக்கு ஒன்று, துணைக் கட்டளை அதிகாரிக்கு ஒன்று, மூத்த தலைமை மாலுமிக்கு ஒன்று. பிறகு அதிகாரிகளுக்கும் தலைமை மாலுமிகளுக்குமாகச் சில வரிசைகள். காலாண்டின் சிறந்த மாலுமியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவருக்குப் பரிசாக ஓர் இடம் ஒதுக்குவதும் அமெரிக்கக் கடற்படையில் பரவலான வழக்கம். ஒரு காரின் அளவுள்ள நிலம் பரிசாகக் கருதப்படுவதே பற்றாக்குறையின் அளவைச் சொல்லிவிடுகிறது. இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு நியாயம் உண்டு: அவசரத்தில் முதலில் கப்பலை எட்ட வேண்டியவர் கட்டளை அதிகாரியே. ஆனால் ஒவ்வொரு கப்பலும், கரையில் உள்ள ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியாக ஒதுக்கிக்கொள்ளும்போது, உரியவர் கடலில் இருக்கும் நாளிலும் அவரது இடம் காலியாகவே கிடக்கிறது. அதைக் கடந்து நடப்பவர் இருபது வயது மாலுமி. இலவசமாகக் கிடைக்கும் நிறுத்துமிடத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை யாரோ செலுத்துகிறார்கள் என்று டொனால்டு ஷூப் என்னும் நகரியல் அறிஞர் 2005இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். கடற்படைத் தளத்தில் அந்த விலை பணமாக வாங்கப்படுவதில்லை. தாழ்ந்த பதவியில் இருப்போரின் நேரமாக வாங்கப்படுகிறது.

முன்பு பதவி வேறுபாடு வண்டியிலும் தெரிந்தது: தளத்துக்குள் நுழையும் வண்டிகளின் கண்ணாடியில் நிறம் வேறுபட்ட ஒட்டுவில்லை ஒட்டப்பட்டிருந்தது. அதிகாரிக்கு நீலம், மற்றப் படையினருக்குச் சிவப்பு, குடிமைப் பணியாளருக்குப் பச்சை. கடற்படை 2011இல் அதைக் கைவிட்டு, அடையாள அட்டைச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டது.

பாதுகாப்பு விதிகள்

சவூதி அரேபியாவில் 1996இல் கோபர் குடியிருப்புக் கட்டடத்தின் அருகே நிறுத்தப்பட்ட வெடிகுண்டு லாரி 19 அமெரிக்க விமானப்படையினரைக் கொன்றது. அதன்பின் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, மக்கள் கூடும் கட்டடங்களுக்கும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளியை வற்புறுத்தும் கட்டுமான விதிகளை வகுத்தது. ஏடன் துறைமுகத்தில் 2000 அக்டோபரில் கோல் என்ற நாசகாரிக் கப்பல் தாக்கப்பட்டு 17 மாலுமிகள் இறந்ததும், அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலும் கப்பல்களை ஒட்டிய பகுதிகளின் காவலை மேலும் இறுக்கின. விசாலமான நாட்டுப்புறத் தளத்தில் இந்த இடைவெளி யாரையும் வருத்தாது. நகரத்துத் தளத்திலோ, கட்டடச் சுவரை ஒட்டி இருந்த வரிசைகளே முதலில் பறிபோகக் கூடியவை. உயிரைக் காக்கும் விதி என்பதால் இதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் இழந்த இடங்களுக்கு ஈடாக வேறிடம் தரும் கடமையும் அதனோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

அண்டைக் குடியிருப்புகள்

உள்ளே இடமில்லாத வண்டி வெளியே நிற்கும். தளத்துக்கும் கப்பல் கட்டும் தொழிற்சாலைகளுக்கும் அடுத்துள்ள பாரியோ லோகன், மெக்சிக வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் பழைய குடியிருப்பு. ஐந்தாம் எண் நெடுஞ்சாலை 1963இல் அதை ஊடறுத்தது. 1969இல் திறக்கப்பட்ட கொரொனாடோ பாலத்தின் தூண்கள் அதன் நடுவில் எழுந்தன. அந்தத் தூண்களின் அடியில் பூங்காவுக்குப் பதிலாகக் காவல்துறை நிலையம் வரப்போகிறது என்று தெரிந்தபோது, மக்கள் 1970இல் நிலத்தில் இறங்கி நின்று சிக்கானோ பூங்காவைப் பெற்றனர். இப்படி ஏற்கெனவே பலவற்றை இழந்த தெருக்களில்தான் விடியற்காலையில் வேலைக்கு வருவோரின் கார்கள் வீட்டு வாசல்களை அடைக்கின்றன. தொழிலகங்களையும் வீடுகளையும் பிரித்துவைக்க நகர மன்றம் 2013இல் ஏற்ற திட்டம், கப்பல் கட்டும் தொழிலின் முன்முயற்சியால் நடந்த 2014 ஜூன் வாக்கெடுப்பில் தோற்றது. புதிய திட்டம் 2021இல்தான் நகர மன்றத்தில் நிறைவேறியது.

பிற தளங்களும் மாற்று வழிகளும்

இக்குறை மனிதர்களை எவ்வளவு தேய்க்கும் என்பதை நாடறியச் செய்தது வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரம். அங்குள்ள தனியார் கப்பல் தளத்தில் 2017 முதல் 2023 வரை நெடும் பழுதுபார்ப்பில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மாலுமிகள், தொலைவிலுள்ள நிறுத்துமிடங்களில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வந்து போயினர். 2022 ஏப்ரலில் அக்கப்பலைச் சேர்ந்த மூவர் ஒரே வாரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதை அடுத்து நடந்த விசாரணைகளில், அச்சாவுகளுக்கு நிறுத்துமிடம் காரணமென்று கூறப்படவில்லை. ஆனால் அங்குள்ள வாழ்க்கைத் தரத்தை ஆராய்ந்த அறிக்கை, தங்குமிடத்தோடு வாகன நிறுத்தத்தையும் பணிச்சூழலின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டது. அதுவரை சில்லறைப் புகாராகத் தள்ளப்பட்ட ஒன்று இவ்வாறு தலைமையின் பொறுப்பாக ஏற்கப்பட்டது.

சான் டியாகோவுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1981இல் ஓடத் தொடங்கிய நீல வழி டிராமில் தளத்தின் வாசலருகே ‘பசிபிக் ஃபிளீட்’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அரசுப் பணியாளர் பொதுப் போக்குவரத்திலோ பலர் பகிரும் வேனிலோ வந்தால் செலவைத் திருப்பித் தரும் திட்டத்துக்கு 2000 ஏப்ரலில் அதிபர் கிளின்டன் ஆணையிட்டார். 2025இல் அதன் மாத உச்சவரம்பு 325 டாலராக இருந்தது. படையினரும் இதைப் பெறலாம், ஒப்பந்தத் தொழிலாளர் பெற முடியாது. வாசலில் இறங்கியவர் துறைமேடையின் நுனிவரை எப்படிப் போவது, கடமை முடிந்து அகாலத்தில் வெளியே வருபவருக்கு என்ன வண்டி என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை உள்ள இடத்தில் மட்டுமே இத்தகைய சலுகை பயன்படுகிறது.

அந்த விடையை மிக இயல்பாகக் கண்டது வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் நகரம். 1891இல் நிறுவப்பட்ட பியூஜெட் சவுண்ட் கடற்படைக் கப்பல் பட்டறை அந்நகரின் மையத்தையே ஒட்டிக் கிடக்கிறது. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் அங்கு தெருவோர இடமும் தனியார் நிறுத்துமிடமும் என்றுமே போதியதில்லை. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேரூன்றிய ‘தொழிலாளர் ஓட்டுநர்’ முறையின்படி, பட்டறைத் தொழிலாளி ஒருவரே பேருந்து ஓட்டும் பயிற்சி பெற்று, காலையில் தம் ஊர்ப் பகுதியிலிருந்து சக தொழிலாளர்களை ஏற்றி வந்து, பேருந்தைப் பட்டறையருகே நிறுத்திவிட்டுத் தம் வேலைக்குப் போகிறார். மணி அடித்ததும் அவர்களையே ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார். ஓட்டுநரின் வேலை நேரமும் பயணியின் வேலை நேரமும் ஒன்றே என்பதால் பேருந்து தவறிப்போவதில்லை. கிட்சாப் வட்டாரப் போக்குவரத்து நிறுவனம் இம்முறையைத் தொடர்ந்து நடத்திவருகிறது. கடமைப் பிரிவு முறைப்படி மாறிமாறி இரவு தங்கும் கப்பல் மாலுமிகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது; ஆனால் நேரம் மாறாத கரைப் பணியாளர்களை அவ்வழிக்குத் திருப்பினால், துறைமேடைக்கு அருகில் உள்ள இடங்கள் கப்பலில் இரவு தங்குவோருக்கு மிஞ்சும்.