இரு மருந்தும் ஒரு புட்டியும்

1922-ஆம் வருஷம் ஜனவரி மாதம், டொராண்டோ நகரத்துப் பொது மருத்துவமனையில், நீரிழிவால் எலும்பும் தோலுமாய்க் கிடந்த லியோனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுடைய உடலில் இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது என்பதையும், அடுத்த வருஷமே அதைக் கண்டறிந்ததற்காகப் பாண்டிங்குக்கும் மக்லவுடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது என்பதையும் அறிந்தவர் பலர். பிழைத்தெழுந்த நோயாளிகள் அதன்பின் ஊசிக்கு எவ்வளவு அடிமைப்பட்டு வாழ நேர்ந்தது என்பதை நினைப்பவர் சிலரே. அக்காலத்து இன்சுலினின் வீரியம் சில மணி நேரத்திலேயே தணிந்துவிடுமாதலால், கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் இட்டு எடுத்து, மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டி, ஒரே நாளில் பலமுறை தம்மைத் தாமே குத்திக்கொள்வது அவர்களுக்கு நித்திய கர்மமாயிற்று.

இதற்குப் பரிகாரம் தேடியவர் டென்மார்க் தேசத்து வைத்தியர் ஹாகடோர்ன். தம் மனைவி மேரி நீரிழிவால் வருந்தியதை முன்னிட்டு டொராண்டோவுக்குச் சென்று, இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு திரும்பிய பேராசிரியர் ஆகஸ்ட் கிரோவுடன் சேர்ந்து நார்டிஸ்க் ஆய்வுக்கூடத்தை நிறுவிய அவர், 1936-இல், மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் என்னும் பொருளை இன்சுலினோடு பிணைத்து, அது தோலின் கீழிருந்து மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கும்படி செய்தார். அதே வருஷத்தில் டொராண்டோவில் ஸ்காட்டும் ஃபிஷரும் துத்தநாகத்தைச் சேர்த்து, ஒரு நாளுக்கு மேலும் அதன் வேலை நீடிக்கும்படி செய்தனர்.

ஆயினும், நிதானமாய் வேலை செய்யும் மருந்து, உண்டவுடன் குபீரென்று ஏறும் சர்க்கரையை என்ன செய்யும்? விரைவானதையும் நிதானமானதையும் ஒரே சிரிஞ்சில் இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள்; புதிய மருந்தில் மிகையாக நின்ற புரோட்டமின், சேர்த்த விரைவு இன்சுலினையும் பற்றிப் பிடித்துத் தன்னைப்போலவே மந்தமாக்கிவிட்டது. இன்சுலினும் புரோட்டமினும் ஒன்றுக்கொன்று மிஞ்சாத அளவில் பிணைந்த படிகங்களை 1946-இல் நார்டிஸ்க் கூடத்தார் ஆக்கிய பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. என் மதிப்பில், மீன் விந்தைக் கண்டெடுத்த புகழைக் காட்டிலும் இந்த விகிதத்தைக் கண்ட பொறுமையே பெரிது. இன்றைய கலவை இன்சுலினுக்கு அஸ்திவாரம் அதுதான்.

அதன்பின் பல வருஷங்கள் கலக்கும் பொறுப்பு நோயாளியிடமே இருந்தது. தெளிந்த விரைவு மருந்தை முதலில் இழுத்து, கலங்கலான நிதான மருந்தைப் பின்னர் இழுக்கவேண்டும். முறை மாறினால் கலங்கல் தெளிந்த புட்டிக்குள் புகுந்து அதன் குணத்தைக் கெடுக்கும். பார்வை மங்கி, கை நடுங்கும் முதியவர்களுக்கு இது நாள்தோறும் ஒரு பரீட்சை. ஆகவே தொழிற்சாலையிலேயே 30 பங்கு விரைவு இன்சுலினையும் 70 பங்கு நிதானமானதையும் கலந்து ஒரே புட்டியில் தரும் வழக்கம் வந்தது. 25-க்கு 75, 50-க்கு 50 என்னும் கலவைகளும் உண்டு.

இந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலையும் உண்டு. நிற்கும் புட்டியில் படிகங்கள் அடியில் தங்கிவிடுவதால், குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டி, பால்போல் ஒரே வெண்மையாகும் வரை கலக்கவேண்டும். கட்டிகள் கரையாமல் நின்றாலோ, ஒருமுறை உறைந்துபோனாலோ அந்த மருந்து பயன்படாது. 30-க்கு 70 கலவையான மனித இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாகப் போட்டுக்கொள்வது கிரமம். காலையில் போட்டதன் நிதானப் பங்கு நடுப்பகலில் தீவிரமடையுமாதலால், வேலை மிகுதியென்றோ விரதமென்றோ மதிய ஆகாரத்தைத் தள்ளிப்போடுகிறவருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் நேரலாம்; அத்தருணத்தில் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொள்ளவேண்டும். விரதம் இருக்க விரும்புவோர் முன்னரே வைத்தியரைக் கலந்து அளவை மாற்றிக்கொள்வது அவசியம்.

கலக்கும் தொல்லை ஒழிந்தும் அளக்கும் தொல்லை முற்றும் ஒழியவில்லை. பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டருக்கு 20, 40, 80 யூனிட் என்று பல வீரியங்களில் மருந்து விற்றுக் குழப்பம் விளைந்தபின், 1983-இல் 100 என்னும் ஒரே வீரியத்துக்கு மாறினார்கள். நம் நாட்டிலோ புட்டிகள் பெரும்பாலும் 40, பேனாவில் பொருத்தும் குப்பிகள் 100 என இரண்டும் வழங்குகின்றன. 40-க்குரிய சிவப்பு மூடிச் சிரிஞ்சினால் 100 வீரியமுள்ள மருந்தை 10 என்ற கோடு வரை இழுப்பவர் உடம்பில் செல்வது 25 யூனிட். 100-க்குரிய ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சினால் 40 வீரியமுள்ளதை அதே கோடு வரை இழுப்பவருக்குக் கிடைப்பது 4 யூனிட்டே.