கூண்டுக்குள் ஒரு வீராங்கனை

பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மாலை வேளையில் சிறுமியர் சிலம்பம் பழகக் கண்டேன். “பெண்களுக்கு இது எதற்கு?” என்றார் அருகே நின்ற பெரியவர் ஒருவர். அவருக்கு நான் பூஜா தோமரின் வரலாற்றைச் சொன்னேன்.

உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தில் புதானா என்னும் ஊரைச் சேர்ந்தவர் பூஜா. வூஷூ என்னும் சீனப் போர்க்கலையில் ஐந்து முறை தேசிய வாகை சூடினார். பின்னர், குத்தும் உதையும் மற்பிடியும் ஒருங்கே கலந்த கலப்புப் போர்க்கலையில் இறங்கினார். ‘மேட்ரிக்ஸ் ஃபைட் நைட்’ போட்டியில் 52 கிலோ எடைப் பிரிவின் பட்டம் அவர் கைக்கு வந்தது.

2024 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில், பிரேசில் வீராங்கனை ரயான் தோஸ் சாந்தோஸுடன் எண்கோணக் கூண்டுக்குள் மூன்று சுற்றுகள் பொருதார். நடுவர் மூவருள் இருவர் பூஜாவே வென்றார் என்றனர். யு.எஃப்.சி. அரங்கில் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. அடுத்த ஆண்டு மார்ச்சில், இலண்டனில், அயர்லாந்தின் ஷானா பேனனிடம் கைப்பூட்டில் சிக்கித் தோற்றார்.

“தோற்றதையும் ஏன் சொல்கிறீர்?” என்றார் பெரியவர். “களத்தில் இறங்கியவர்க்கே தோல்வியும் உண்டு, ஐயா” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஓரமாய் நின்ற தம் பேத்தியின் கையில் கம்பொன்றை எடுத்துக் கொடுத்தார்.