பெட்டி இங்கே, மூளை எங்கே?

தொலைக்காட்சிப் பெட்டிக்குத் துணையாக இன்னொரு சிறு பெட்டி இல்லாத வீடு இன்று அரிது. சில வீடுகளில் அது கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பெட்டி. வேறு சில வீடுகளில் அது விரல் நீளமே உள்ள இணையப் பெட்டி. தொலைக்காட்சியின் முதுகில் செருகிவிட்டால் வெளியே தெரிவதுகூட இல்லை. குரோம்காஸ்ட், ஃபயர் டிவி என்று பல பெயர்களில் இது விற்பனைக்கு வந்தது. “இதை வாங்கிவிட்டால் கேபிளே வேண்டாமாமே, உண்மைதானா?” என்று நீங்களும் யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். விடை காண வேண்டுமானால் இந்தச் சிறு பெட்டியின் முன்னோர்களைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள காரியாபட்டியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆயினும் தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டி அவை அதிக தூரம் போவதில்லை. எனவே சென்னையின் படம் இந்தக் கரிசல் சீமைக்கு எட்டவில்லை. எண்பதுகளில் கொடைக்கானல் மலைமீது அஞ்சல் நிலையம் அமைந்த பிறகே தென் மாவட்டங்களுக்கு விடிவு பிறந்தது. சமவெளிக்கு மேலே 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு கோபுரத்துக்கு அடிவானம் சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். கொடைக்கானலிலிருந்து காரியாபட்டி நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். கூரைமேல் அலுமினியக் குழாய் ஆன்டெனா ஒன்றை நட்டு வடமேற்கே திருப்பினால் போதும், படம் விழும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிறப்பைக் கவனியுங்கள். பத்து வீடுகள் பார்த்தாலும் பத்து இலட்சம் வீடுகள் பார்த்தாலும் கோபுரத்துக்குச் சுமை ஒன்றே. யார் பார்க்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. குறை என்னவென்றால், அவர்கள் காட்டியதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதுவும் அவர்கள் காட்டும் நேரத்தில்!

இடையில் ஒரு பெட்டி தேவைப்பட்டது செயற்கைக்கோள் வந்த பிறகுதான். அந்தக் கதை தமிழ்நாட்டுக்கு வெளியே தொடங்குகிறது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் தனது ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இந்தியாவுக்கு ஓராண்டு இரவல் தந்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அதன்வழியே கல்வி ஒளிபரப்பைக் கண்டன. கோழிவலைக் கம்பியால் ஆன, மூன்று மீட்டர் அகலமுள்ள கிண்ணம் அலைகளைத் திரட்டியது. அந்த அலைகளைச் சாதாரணத் தொலைக்காட்சிக்குப் புரியும்படி மாற்ற ஒரு சிறிய மாற்றிப் பெட்டி இருந்தது. இன்றைய செட்டாப் பெட்டியின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். தவணை முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பிப் போயிற்று. கிண்ணமும் பழுதாகவில்லை, பெட்டியும் பழுதாகவில்லை. ஆனால் வானிலிருந்து அவற்றுக்கு எதுவும் வரவில்லை. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1991-க்குப் பிறகு தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தன. 1993 ஏப்ரல் 14-ல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கிண்ணத்தையும் பெட்டிகளையும் கேபிள்காரர் தம் இடத்தில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஒரு கம்பி மட்டும் வந்தது. 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் டிவி கழகம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. 2017 செப்டம்பரிலிருந்து அதே கழகம் இலக்கமுறை செட்டாப் பெட்டிகளை இலவசமாக வழங்கலாயிற்று.

இலக்கமுறையால் வந்த இலாபம் பெரிது. பழைய முறையில் ஓர் அலைவரிசை அடைத்துக்கொண்ட இடத்தில், படத்தை எண்களாக்கிச் சுருக்கினால் பல அலைவரிசைகள் அடங்கிவிடும். படமும் தெளிவு. ஆனால் இந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. எந்த அலைவரிசையைத் திறப்பது, எதை மூடுவது என்ற கட்டளை வேறோர் இடத்திலிருந்து வர வேண்டும். 2022 நவம்பரில் இதன் விளைவைத் தமிழகம் கண்டது. அரசு கேபிளின் பல இலட்சம் பெட்டிகள் ஒரே சமயத்தில் செயலிழந்தன. கம்பி அறுந்ததாலோ இடி விழுந்ததாலோ அல்ல. மென்பொருள் ஒப்பந்த நிறுவனத்துடன் ஏற்பட்ட தகராறே காரணம். வீட்டிலிருந்தவர்கள் பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்து என்ன பயன்?

இனி இணையப் பெட்டிக்கு வருவோம். இதன் தத்துவமே வேறு. ஒரு திரைப்படத்தைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் செய்து, தொலைவிலுள்ள கணிப்பொறியில் அடுக்கி வைக்கிறார்கள். உங்கள் பெட்டி ஒரு துண்டைக் காட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்கிறது. இணைப்பு வேகமாக இருந்தால் தெளிவான துண்டு, மந்தமாக இருந்தால் மங்கலான துண்டு. படம் திடீரென்று மங்கிப் பின் தெளிவதன் இரகசியம் இதுதான். நினைத்த நேரத்தில் பார்க்கலாம், நிறுத்தி வைக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவன் கணக்குப் பாடத்தை மூன்று முறை திருப்பிக் கேட்கலாம். இந்தச் சுதந்திரத்தை கொடைக்கானல் கோபுரம் ஒருநாளும் தந்ததில்லை.

விலை என்ன? தெளிவான படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 2.25 கிகாபைட் ஆகிறது. நாளொன்றுக்கு 1.5 கிகாபைட் தரும் கைபேசித் திட்டம் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; மூன்று மணி நேரப் படத்தில் இடைவேளைகூட வந்திருக்காது! மேலும், இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஓட்டம். 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி இணைப்புகள் வரை பார்த்தன. இணைப்புக்கு 1 மெகாபிட் என்று குறைத்து வைத்தாலும் நொடிக்கு 5.9 கோடி மெகாபிட். கோபுரமோ ஒரே ஓட்டத்தில் இந்த வேலையை முடித்திருக்கும். துண்டுகளைச் சேர்த்து வைத்துக் காட்டுவதால் தாமதமும் உண்டு. சிவகாசிப் பக்கத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: கேபிள் வைத்திருக்கும் அடுத்த வீட்டில் சரவெடி முழங்கிய பிறகுதான் உங்கள் திரையில் விக்கெட் விழும்.

பூட்டுச் சங்கதி இதிலும் உண்டு. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் பெட்டிகள் உலகெங்கும் திடீரென்று மறுத்துவிட்டன. பெட்டி நம்பகமானதுதானா என்று சோதிக்கப் பயன்படும் பத்தாண்டு ஆயுளுள்ள இலக்கமுறைச் சான்று ஒன்று காலாவதியாகியிருந்தது. சில நாட்களில் கூகிள் திருத்தம் அனுப்பியது. அனுப்பாமல் விட்டிருந்தால்? ஃபயர் டிவிக் குச்சியைச் சென்னையில் தயாரிக்கப் போவதாக 2021-ல் அமேசான் அறிவித்தது. உடல் நம்மூரில் பிறக்கலாம், மூளை அங்கேதான்.

ஆகவே வீட்டுக்குக் கண்ணாடியிழை இணைப்பு வந்திருந்தால் இணையப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். கைபேசித் தரவை நம்பி வாங்குவது வீண். அரசு தந்த பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இதைச் செருக எச்.டி.எம்.ஐ. துளையே கிடையாது என்பதையும் கடைக்குப் போகுமுன் நினைத்துக்கொள்ளுங்கள். எவருக்கும் மாதப் பணம் கட்டாமல் பார்க்க விரும்புவோருக்கு 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவசக் கிண்ணச் சேவை இருக்கிறது. கிண்ணமும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். தனியார் தமிழ் அலைவரிசைகள் அதில் அரிது. கனமழையில் படம் உடையும். காரியாபட்டியில் மழைக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.