கண் அழுத்தமா, ரத்தக் குறைவா?

கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பட்டுப்போகிறது. போன பார்வை திரும்புவதில்லை. நரம்பைக் கெடுப்பது கண்ணுக்குள் ஏறும் நீரின் அழுத்தமா, நரம்புக்கு ரத்தம் போதாமையா என்ற வழக்கு 1858-இல் எழுந்தது. ஜெர்மனியின் ஹைன்ரிஷ் முல்லர் அழுத்தத்தைக் காரணமாகச் சொன்னார். அதே ஆண்டில் வியன்னாவின் எடுவார்ட் யேகர் ரத்த நாளங்களைச் சொன்னார்.

ஐரோப்பாவில் இந்த வழக்கு எழுந்தபோது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான குமரி மண் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-இலேயே வைத்தியம் தொடங்கியிருந்தாலும், ஊராருக்குச் சித்த வைத்தியரும் வர்ம ஆசானுமே முதல் புகலிடம். நாகமுனிவர் பெயரில் வழங்கும் நயன விதி என்னும் சுவடி கண் நோய்களை 96 என வகுக்கிறது. கண்ணருகே நட்சத்திர காலம் போன்ற வர்மப் புள்ளிகளில் அடிபட்டால் ஆசான்கள் கூடுதல் கவனம் கொண்டார்கள். அவர்கள் பேசியது வாத பித்த கபமும் வாசி என்னும் மூச்சோட்டமும். இன்றைய ரத்த ஓட்டக் கொள்கையை அந்தச் சுவடிகளில் தேடிப் பிடிப்பது வீண் வேலை.

அழுத்தத்தின் கட்சி ஓங்கியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1819-இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனைக்கு 1904-இல் ராபர்ட் ஹென்றி எல்லியட் தலைமையேற்றார். கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் சுமார் 2 மில்லிமீட்டர் வட்டத் துளையிட்டு, தேங்கும் நீரை மேற்சவ்வுக்கு அடியில் கசியவிடும் அறுவையை 1909-இல் அவர் செய்துகாட்டினார். உலகெங்கும் பல பத்தாண்டுகள் அது வழங்கிற்று. 1968-இல் கெய்ர்ன்ஸ் அறிவித்த டிராபெகுலெக்டமி என்னும் அறுவை வந்தபிறகே அது பின்தங்கியது. கைகண்ட சிகிச்சை அழுத்தத்துக்கு இருந்ததால் ரத்தத்தின் பேச்சு அமுங்கிப்போனது.

ஆனால் கண் அழுத்தம் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருந்தும் பார்வை இழப்பவர்களை அழுத்தக் கொள்கை விளக்கவில்லை. பஞ்சாபில் பிறந்த சோகன் சிங் ஹைரே, பார்வை நரம்பின் முகப்புக்கு ரத்தம் தருவது பெரும்பாலும் பின்புறச் சிலியரி தமனிகளே என்று 1960-களிலிருந்து நிறுவினார். ரத்தத்தைத் தள்ளும் அழுத்தத்துக்கும் கண்ணின் எதிரழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே நரம்புக்குக் கிடைப்பது. கீழ் ரத்த அழுத்தம் 80, கண் அழுத்தம் 15 என்றால் மிச்சம் 65. தூக்கத்தில் முன்னது 55-க்கு இறங்கிப் பின்னது 20-க்கு ஏறினால் மிச்சம் 35 மட்டுமே. இந்த இரவு இறக்கம் நரம்பைக் கெடுக்கலாம் என்று ஹைரே 1994-இல் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த பால்டிமோர் ஆய்வில், இந்த மிச்சம் 30-க்குக் கீழே போனவர்களிடம் நோய் ஏறத்தாழ ஆறு மடங்கு காணப்பட்டது.

இந்த நோய் இங்கும் அரிதல்ல. குமரியை அடுத்த திருநெல்வேலியையும் தூத்துக்குடி, மதுரையையும் சேர்த்து அரவிந்த் மருத்துவமனை நடத்திய கிராமக் கணக்கெடுப்பு 2003-இல் வெளியானது. 40 வயதைக் கடந்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. பெரும்பாலோருக்கு அது அதுவரை தெரியாது.

வழக்கு இன்னும் முடியவில்லை. அழுத்தம் இயல்பாக இருப்பவர்களுக்கும் அதை மேலும் 30 சதவீதம் குறைத்தால் நோய் மெதுவாகிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டிவிட்டது; ரத்த ஓட்டத்தைக் கூட்டி நோயைத் தடுக்கும் மருந்தோ இன்னும் நிறுவப்படவில்லை. எனினும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் கிளாக்கோமா நோயாளி, குறிப்பாக இரவில் சாப்பிடுபவர், அதைக் கண் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது.