வில்லும் இருகண்நோக்கியும்: அமெரிக்க மான் வேட்டையில் அண்மையும் தொலைவும் (1878–1972)

ஆய்வுச்சுருக்கம்

துப்பாக்கியின் பரவலால் பெரிதும் வழக்கிழந்த வில்வேட்டை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புத்துயிர் பெறத் தொடங்கியது. பட்டக இருகண்நோக்கி உருப்பெற்றதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். வில் வேட்டைக்காரரை விலங்கின் அருகே செல்ல வைக்கிறது. இருகண்நோக்கி அதனைத் தொலைவிலிருந்தே காட்டுகிறது. எதிரெதிர்த் தன்மை கொண்ட இவ்விரு கருவிகளும் ஒரே வேட்டைமுறையில் இணைந்தமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வில்வேட்டை, வெண்வால் மான், இஷி, ஆல்டோ லியோபோல்ட், இருகண்நோக்கி, வேட்டையறம்.

முன்னுரை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் என்னும் உடன்பிறப்புகள் போருக்குப்பின் வில்வேட்டையில் ஈடுபட்டனர். மாரிஸ் தாம்சன் 1878இல் வெளியிட்ட ‘தி விச்சரி ஆஃப் ஆர்ச்சரி’ என்னும் நூல் வில்லின் மீது பொதுமக்களிடையே ஆர்வத்தைத் தூண்டியது. அடுத்த ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் தோன்றியது. எனினும் இவ்வார்வம் பெரும்பாலும் இலக்குப் போட்டிகளிலேயே நிலைகொண்டது. மான் வேட்டைக்குரிய நுட்பம் வேறொரு மரபிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது.

இஷியும் போப்பும்

1911ஆம் ஆண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கருகே, யாஹி இனத்தில் எஞ்சிய ஒருவர் வெளியுலகிற்கு வந்தார். தம் பெயரைத் தாமே கூறுதல் அவர்தம் வழக்கத்திற்கு மாறானது. ஆகவே ‘மனிதன்’ எனப் பொருள்படும் ‘இஷி’ என்னும் சொல்லால் மானிடவியலாளர் க்ரோபர் அவரை அழைத்தார். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த இஷியிடம், மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில் செய்யவும் எய்யவும் கற்றார். ஜூனிபர் மரத்தில் செதுக்கி, முதுகுப்புறத்தில் விலங்கின் தசைநாரை ஒட்டிய குறுவில் இஷியுடையது. அவருடைய திறன் வில்லின் விசையை விட, ஓசையின்றி அணுகுவதிலும் காத்திருப்பதிலுமே தங்கியிருந்தது.

இஷி 1916இல் காசநோயால் இறந்தார். அவரிடம் கற்றவற்றைப் போப் 1918இல் ஆய்வேடாகவும் 1923இல் ‘ஹன்டிங் வித் த போ அண்டு ஆரோ’ என்னும் நூலாகவும் வெளியிட்டார். குடியேறியோரின் வன்முறையால் அழிந்த ஓர் இனத்தின் அறிவே, அக்குடியேறியோரின் வழித்தோன்றல்களுக்குப் பொழுதுபோக்காக வந்து சேர்ந்தது. வில்வேட்டையின் வரலாறு இம்முரணை மறைத்து எழுதப்படலாகாது.

சட்ட ஏற்பு

விஸ்கான்சின் மாநிலம் 1934இல் வில்லுக்கெனத் தனி மான்வேட்டைப் பருவத்தை அறிவித்தது. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. வில், அம்புக் கருவிகள் 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வரம்புக்குள் வந்தன. வில்வேட்டை ஒரு சிலரின் விருப்பம் என்னும் நிலையிலிருந்து பொதுநிறுவனமாக மாறியதை இத்திருத்தம் காட்டுகிறது.

இருகண்நோக்கியின் தேர்வு

இத்தாலியரான போரோ 1854இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, எர்ன்ஸ்ட் ஆபேயின் வடிவமைப்பில் சைஸ் நிறுவனம் 1894இல் இருகண்நோக்கிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நிறுவனத்தின் ஸ்மகுலா 1935இல் கண்டறிந்த வில்லைப் பூச்சு, எதிரொளிப்பால் ஏற்படும் ஒளியிழப்பைக் குறைத்தது.

மான்கள் பெரிதும் விடியலிலும் அந்தியிலும் நடமாடுவன. ஆகவே உருப்பெருக்கத்தை விட ஒளியே முதன்மை பெறுகிறது. பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42 கருவியில் இது 5.25 மி.மீ.; 10×42 கருவியில் 4.2 மி.மீ. உருப்பெருக்கம் கூடக் கூடக் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். காட்சிப்பரப்பும் பொதுவாகக் குறுகும். அடர்ந்த காட்டில் 8 மடங்கே போதுமானதாகவும், திறந்த மலைச்சரிவில் 10 மடங்கு பயனுள்ளதாகவும் கருதப்படுவது இதனாலேயே.

புதர்க்காட்டில் இக்கருவிக்கு வேறொரு பயனும் உண்டு. முன்னுள்ள கிளைகளைக் கடந்து குவியத்தை நிறுத்தினால் அவை மங்கும். பின்னுள்ள காது, கொம்பு அல்லது முதுகுக்கோடு தெளியும். எனினும் கருவியை உயர்த்தும் அசைவே மானை விரட்டிவிடக்கூடும். வில்லுக்கு இரு கைகளும் தேவைப்படுவதால், அது மார்போடு அணையும் வாரில் தாங்கப்படுகிறது.

கருவி பற்றிய ஐயம்

வில்வேட்டையில் ஈடுபாடு கொண்டிருந்த ஆல்டோ லியோபோல்ட், 1949இல் வெளிவந்த தம் நூலில், கருவிகள் பெருகப் பெருகத் தற்சார்பும் காட்டறிவும் தேய்வதாகக் கண்டித்தார். ஆலன் என்பார்க்கு 1969இல் காப்புரிமை வழங்கப்பட்ட, கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில் அவ்விவாதத்தைக் கூர்மையாக்கியது. இருகண்நோக்கியும் அக்கண்டனத்திற்கு உட்படுமா என்பது ஆராயத்தக்கது. அம்பு குருதிப்போக்கால் கொல்வது. தவறான கோணத்தில் எய்தால் விலங்கு நெடுநேரம் துன்புறும். மானின் நிலையையும் இடைப்பட்ட கிளைகளையும் முன்கூட்டியே காட்டும் கருவி, எய்யாதிருக்கவும் காரணம் தருகிறது. காம்பவுண்ட் வில் எய்யும் ஆற்றலைக் கூட்டுகிறது. இருகண்நோக்கி தீர்மானிக்கும் ஆற்றலைக் கூட்டுகிறது.

முடிவுரை

அண்மையைக் கட்டாயமாக்கும் வரம்பே வில்வேட்டையின் அறத்திற்கு அடிப்படை. இருகண்நோக்கி அவ்வரம்பை நீக்குவதில்லை. அதற்குட்பட்டு எப்போது எய்யலாகாது என்பதைத் தெளிவாக்குகிறது. ஆகவே அதன் தேர்வு உருப்பெருக்கத்தின் அளவைப் பொறுத்ததன்று. மங்கிய ஒளியில் விலங்கை ஐயமறக் காட்டும் திறனைப் பொறுத்ததே. இஷி பொறுமையால் பெற்ற தெளிவில் ஒரு பகுதியையே இக்கருவி தருகிறது. எஞ்சிய பகுதி வேட்டைக்காரரின் அடக்கத்தைச் சார்ந்தது.