மதகும் மனச்சாட்சியும்

பேராதனையிலே தொடங்கி, கம்பளை, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து, மட்டக்களப்பு வாவிக்கு அண்மையிலுள்ள செங்கலடியிலே முடிவடையும் நெடுஞ்சாலை ஒன்றுண்டு. அதன் கீழைக்கோடியிலே, மலைகள் மறைந்து வயல்கள் விரியும் நிலத்திலே அமைந்திருப்பது கரடியனாறு. அச்சாலையின் ஒரு முனை ஒருகாலத்திற் கோப்பிக்குப் பேர்போனது. மறுமுனை இன்றும் நெல்லுக்குப் பேர்போனது. அதிகாரம் பெற்றவன் தன் நலத்தையும் பொதுக் கடமையையும் எவ்வாறு பிரித்து வைத்தல் வேண்டும் என்னும் கேள்விக்கு இவ்விரு முனைகளும் தத்தம் வரலாற்றால் விடை கூறுகின்றன.

முதலிற் கரடியனாற்றுப் பக்கத்தைப் பார்ப்போம். உறுகாமம், உன்னிச்சை முதலிய குளங்கள் அப்பகுதியின் உயிர்நிலைகள். பெரும்போகத்துக்கு மாரி மழை துணைசெய்யும். சிறுபோகத்துக்கோ குளத்து நீரே கதி. நீர் குறைந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தக் கண்டத்தை விட்டுவிடுவது என்பதைக் கமக்காரர் கூட்டங்கூடித் தீர்மானித்தல் வேண்டும். தீர்மானித்தபடி வாய்க்காலிலே நீர் ஓடுகின்றதா என்று பார்ப்பவர் வட்டவிதானை. அவரும் ஒரு கமக்காரரே. அவருடைய வயலும் அதே வாய்க்காலின் நீரையே நம்பியிருக்கின்றது. ஊரார் பயிர் வாடும்போது அவர் பயிரும் வாடும். ஆனால் நீரைத் திருப்பும் உரிமை அவர் கையில் இருக்கின்றது. அவர் நல்லவரா, தீயவரா என்பதன்று இங்கே கேள்வி. நல்லவரையும் சோதிக்கும் நிலையொன்று அப்பதவியிலேயே பொதிந்துள்ளது என்பதே கவனிக்கத்தக்கது.

இச்சோதனையை மதியாத அரசுக்கு என்ன நேரும் என்பதைச் சாலையின் மறுமுனை காட்டும். 1824 முதல் 1831 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ், பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையிலே தாமே கோப்பித் தோட்டமொன்றைத் திறந்தார். கோப்பிக்குரிய ஏற்றுமதி வரியை நீக்கியவரும் அவரே. நாட்டில் ஒரு புதிய தொழிலை வளர்க்கும் நோக்கம் அவருக்கு இருந்தது உண்மை. எனினும், வரியை நீக்கிய கையும் விளைவைப் பெற்ற கையும் ஒன்றாகவே இருந்தன.

பின்னர், 1833இல் வந்த கோல்புறூக் சீர்திருத்தங்களின்போது, செலவைக் குறைக்கும் பொருட்டுச் சிவில் சேவையாளரின் சம்பளம் குறைக்கப்பட்டது. புதிதாய்ச் சேர்வோருக்கு ஓய்வூதியமும் இல்லையென்றாயிற்று. அக்காலத்தில் முடிக்குரிய காணிகள் ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து சிலிங் என்ற அடிவிலையில் ஏலத்தில் விற்கப்பட்டன. உத்தியோகத்தர் மலைக்காடுகளை வாங்கத் தொடங்கினர். தேசாதிபதி முதல் நீதிபதிகள், படைத்தலைவர்கள், மதகுருமார் ஈறாக எல்லாரும் கோப்பித் தோட்டக்காரராயினர் என்றும், சிவில் சேவையாளரிற் பாதிப்பேர் அவ்வரிசையிற் சேர்ந்தனர் என்றும் அக்காலக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் தெனன்ற் எழுதிவைத்துள்ளார். காணியை அளப்பவர், விற்பவர், பிணக்குத் தீர்ப்பவர் ஆகியோர் இருந்த வட்டத்திலிருந்தே வாங்குபவரும் வந்தனர். காடும் தரிசும் உரிமை நிறுவப்படும்வரை முடிக்கே சொந்தமெனக் கொள்ளும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இக்காலத்திலேயே பிறந்தது. பரம்பரையாகச் சேனைப்பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிக் குடியானவன், உறுதி எழுத்து இல்லாமையால், தன் நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வான்? கேட்கவேண்டிய உத்தியோகத்தரே தோட்டக்காரராகவும் இருந்தாரல்லவா?

நிலைமை முற்றியபின், 1840களின் நடுப்பகுதியில், குடியேற்ற நாட்டு அமைச்சர் ஸ்ரான்லிப் பிரபு, சிவில் சேவையாளர் பயிர்த்தொழிலிலும் வாணிகத்திலும் ஈடுபடலாகாதெனத் தடைவிதித்தார். தடையோடு அவர் நின்றுவிடவில்லை, சம்பளம் திருத்தப்பட்டது, ஓய்வூதியமும் மீண்டும் அளிக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்ததே மருந்து. பசித்தவனிடம் பண்டசாலைத் திறப்பைக் கொடுத்துவிட்டு அவனுக்கு அறநூல் ஓதுவதாற் பயனில்லை.

இந்த ஞானத்தைத் தமிழ்நாடு மேனாட்டாரிடமிருந்து கற்கவேண்டியிருக்கவில்லை. காஞ்சிபுரத்தின் அருகேயுள்ள உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரியும் முறையை வகுத்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஆறுபேர் கொண்ட ஏரி வாரியம். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது. அவன் மட்டுமன்று, அவன் தந்தை, மகன், மாமன், மருமகன், மைத்துனன், சிற்றன்னை, பேரன்னை மக்கள் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். அண்மையிலே பதவி வகித்தவருக்கும் மூன்றாண்டு இடைவெளி வேண்டும். ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்குதல் வேண்டும். நம்பிக்கையில்லாமையால் எழுந்த விதிகளல்ல இவை. நம்பிக்கையைக் காப்பதற்கு எழுந்தவை. எனினும், நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே அங்கே இடமிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இலங்கையின் வடமத்திய மாகாணக் குளக்கிராமங்களில் வேறொரு வழி கையாளப்பட்டது. அங்கே வயற்பரப்பின் இரு கோடிகளிலுமுள்ள துண்டுகள் ஊர்த்தலைவனான கமராளைக்கு உரியனவாக இருந்தன. கோடிகளே காட்டு விலங்குகளால் அழிவுக்குள்ளாவன. கடைக்கோடிக்கு நீர் சேராவிடின் தலைவன் வயலும் காயும். ஆதலால், எல்லாருடைய வயலுக்கும் நீர் பாயவேண்டுமென்பது அவன் நலமாகவும் ஆயிற்று. தன்னலத்தை ஒழிக்க முடியாத இடத்திலே, அதனைப் பொதுநலத்தோடு பிணைத்துக் கட்டிய நுட்பம் இது.

பிற்கால அரசும் இத்துறையிற் கைவைத்தது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நெற்செய்கை, நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழமைகளுக்குச் சட்ட வலுவூட்டியது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நீர்ப்பாசன விதானைமாரின் அதிகாரத்தைச் செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. பொது ஊழியரின் சொத்துக்களை வெளிப்படுத்தும்படி 1975இல் ஒரு சட்டம் வந்தது; 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்று, தன்னலமும் கடமையும் மோதுமிடத்திற் செய்யப்படும் தவறையும் குற்றமாக வகுத்துள்ளது.

சட்டம் வேலி போன்றது. வேலி மட்டும் விளைச்சலைத் தராது. தன் உறவினனின் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது, அதனை உரைத்துவிட்டு விலகி நிற்பவரே வேலியின் பொருளை அறிந்தவர். விலகுதல் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. பதவியின் மதிப்பை உயர்த்துவதாகும்.

கரடியனாற்று வயல்களில் சிறுபோகத்துக்கு மதகு திறக்கும் நாளிலே, வாய்க்காலின் கடைசியில் நிற்கும் ஏழைக் கமக்காரன் மேற்கூறிய சட்டங்களை அறிந்திருக்கமாட்டான். அவன் பார்ப்பது ஒன்றே: தன் வரம்படிக்கு நீர் வந்துசேர்ந்ததா? வந்ததெனில், மேலேயுள்ளவர் நேர்மையானவர் என்பதை அவன் அறிவான். ஓர் அரசின் நேர்மைக்கும் அதுவே அளவுகோல்.